மூன்றாவது பிள்ளைக்கு ஒரு படித் தவிடு

ருக்மணி அக்கா தவிட்டைச் சலித்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்து வெயில் வாசலில் ஏறிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வீசும் கீழ்க்காற்று இன்னும் அடங்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெள்ளைத் துணியை விரித்து, மாவுச் சல்லடையில் தவிட்டைப் போட்டு, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். உமித் துணுக்கு ஒன்று தங்கினாலும் விரல் நுனியால் எடுத்து ஊதி எறிந்தார். அவர் புருவத்திலும் காது மடலிலும் தவிட்டுத் தூள் படிந்திருந்தது.

நான் நிறைமாத வயிற்றோடு கதவு நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். மாட்டுக்குப் போடும் தவிட்டை யாராவது மாவுச் சல்லடையில் சலிப்பார்களா?

"எதுக்குங்க அக்கா இத்தனை பதனமா?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. "சும்மாதான் அம்மிணி. கல்லு கில்லு கெடந்துரப் போகுது" என்றார்.

சும்மாதான் என்று யாராவது சொன்னால் அங்கே நின்று கவனிக்க வேண்டும் என்பது என் அனுபவம். நான் நின்று கவனித்தேன். அவர் சலித்து முடித்து, துணியோடு முடிந்து, தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் வரை அங்கிருந்து நகரவில்லை.

ருக்மணி அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மூத்தாருக்குக் கொல்லங்கோட்டில் அரிசி மில்லில் வேலை. மில்லை ஒட்டியே வீடு. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மாமியார் சொல்லியனுப்பி, முதலமடையில் மாந்தோப்புக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வரும்போது அந்தத் தகரப் பெட்டியும் ஒரு சின்ன மூட்டைத் தவிடும் கொண்டுவந்தார்.

தேங்காய் தட்டும் குடும்பம்

சென்ற வாரம் கிணற்றுச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போனில் கேட்டார், "உங்களுக்கு எல்லார் மேலயுமே சந்தேகந்தானா?" என்று. ஆமாம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கடையில் தேங்காய் வாங்கினால் மூன்று முறை தட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் தட்டிக் காட்டினால் நான்காவது முறையும் தட்டுவேன்.

இது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா மாப்பிள்ளை பார்க்க முதலமடைக்கு வந்தபோது வேண்டுமென்றே பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து வந்தார். தோப்பைச் சுற்றிக் காட்டுங்கள் என்று மாப்பிள்ளையை வேர் முண்டும் கல்லும் கிடக்கும் பாதையில் நடக்கவிட்டு, பின்னால் போனார். மாலைக்கண் இருக்கிறதா என்று சோதனை. மாப்பிள்ளை கால் தடுக்காமல் நடந்தார். அப்பாதான் ஒரு வேரில் இடறி விழுந்து, முழங்கால் சிராய்ப்போடு சம்மதம் சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

கண்ணைச் சோதித்த மனிதர், பிள்ளை அம்மா சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்வாரா என்று சோதிக்க மறந்துவிட்டார். அந்தக் குறை என் தலையில் விடிந்தது.

விலை போகிற பிள்ளை

மூத்தவள் வசந்தி. அவளுக்கு அடுத்துப் பிறந்தவன் ஒரு பையன். பொள்ளாச்சிப் பக்கம் என் அம்மா வீட்டில் பிறந்தான், நல்ல கனமாக இருந்தான். நாலாவது மாசத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. கொல்லங்கோட்டு ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது மடியில் அவன் இல்லை. அவனைப் பற்றி இதற்கு மேல் இந்தத் தொடரில் எழுத மாட்டேன். எழுத ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது.

மறுபடி எனக்கு நாள் தள்ளிப்போனதுமே மாமியார் இரண்டு தீர்மானங்கள் எடுத்தார். பிரசவம் இந்த வீட்டில்தான், என் அம்மா வீட்டில் இல்லை. இன்னொன்று, இந்தப் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும்.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன், பயந்துவிட வேண்டாம். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தையை முறத்தில் கிடத்தி, வாசலைத் தாண்டி ஒருத்தியிடம் நீட்டுவார்கள். அவள் ஒரு படித் தவிட்டை அளந்து கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். அப்போதிலிருந்து அது அவள் பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற கண்டம், இது இவர்கள் பிள்ளை இல்லை என்று ஏமாந்து போய்விடுமாம். வாங்கியவள் வாசலில் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "என்ற புள்ளைய வளத்திக் குடுங்க" என்று பெற்றவள் மடியிலேயே போட்டுவிடுவாள். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது.

நான் ஒத்துக்கொண்டேன். எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், அந்த நாலாவது மாசத்தைப் பார்த்தவளுக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை இருந்தது.

ஆனால் வாங்குகிறவளை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? நாலைந்து பெற்று, அத்தனையும் தங்கி, வாசல் நிறையப் பிள்ளைகள் ஓடுகிறவளாகப் பார்ப்பார்கள். எங்கள் தோப்பை அடுத்தே அப்படி ஒருத்தி இருந்தாள். அவளை விட்டுவிட்டு, பிள்ளையே இல்லாத ருக்மணி அக்காவை மாமியார் ஏன் சொன்னார்? விளையாட்டுக்கு அளக்கப் போகிற தவிட்டை அக்கா ஏன் அரிசி மாவு மாதிரி சலித்தார்?

வயிறு பெரிதாகப் பெரிதாக இந்தக் கேள்வியும் கூடவே வளர்ந்தது.

சூட்டு வலி

கடைசி வாரங்களில் பகல் என்பது நகரவே நகராது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. தோப்பில் காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. மாங்காய்ப் பாலின் காரமான வாடையும், லாரியில் விரிக்கும் வைக்கோல் வாடையும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். எனக்கு அந்த வாடை வேண்டும் போலவும் இருக்கும், குமட்டவும் செய்யும்.

அடிக்கடி இடுப்பில் பிடித்து இழுக்கும். மாமியார் சீரகத் தண்ணீர் காய்ச்சுவார். குடித்ததும் நின்றுவிடும். "சூட்டு வலி" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போவார். வழியில் போகிற பெண்களெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் ஆகலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஏதோ நான் வேண்டுமென்றே பிடித்து வைத்திருப்பதுபோல.

அடுப்படிக்குள் நான் நுழைந்தால் மாமியாரும் அக்காவும் பேசிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று மிளகாய் விலைக்கு மாறும். ஒரே வாரத்தில் அத்தனை தடவை மிளகாய் விலை பேசுகிற வீடு எங்கள் பக்கத்தில் வேறு கிடையாது.

என் வீட்டுக்காரர் கொல்லங்கோட்டிலிருந்து மல்லிகையும் திராட்சையும் வாங்கி வந்தார். கல்யாணமான புதிதில்கூட வாங்கி வராத மனிதர். நான் பூவை வைத்துக்கொண்டேன், திராட்சையைத் தின்றேன், சந்தேகத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஆசுபத்திரியிலிருந்து ஒரு மலையாளத்து நர்ஸ் கருப்புக் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். வயிற்றில் கை வைத்துத் தலை இறங்கிவிட்டது என்று சொன்னவர், குடையை மடக்கியபடியே, "மூணாமத்தெ அல்லே? எனி நிறுத்தண்டே?" என்று கேட்டார். மூன்றாவதாயிற்றே, இனி நிறுத்த வேண்டாமா என்பது அவர் கேள்வி. கருத்தடை ஆபரேஷன் பேச்சு ஊரெங்கும் பலமாக இருந்த காலம். நானும் தலையாட்டத்தான் இருந்தேன்.

மாமியார் முந்திக்கொண்டார். "இப்ப என்னுங்க அவசரம்? இவளுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு பொறக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. வசந்தி ஒருத்தி போடுகிற சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிற மாமியாருக்கு, வயிற்றில் இருப்பது வெளியே வருமுன்பே இன்னும் ஒன்று இரண்டு எதற்கு? இந்தப் பிள்ளையை அவர் எங்கள் வீட்டுப் பிள்ளையாகச் சேர்த்துப் பார்க்கவில்லை என்று அப்போதே தோன்றிவிட்டது.

தகரப் பெட்டி

பிரசவத்துக்குப் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து வைக்கும் வேலை பாக்கி இருந்தது. ஒரு மத்தியானம் அக்கா சோளம் புடைத்துக்கொண்டே, "என்ற பெட்டியில நெம்பப் பழைய சேலை ஒண்ணு கெடக்குது. நீயே போயி எடுத்துக்க அம்மிணி" என்று சாவியை நீட்டினார்.

போய்த் திறந்தேன். மேலே தவிட்டு முடிச்சு. அதற்குக் கீழே பழைய சேலை. சேலையை எடுத்ததும் அடியில் ஒரு பால் பவுடர் டப்பா, புத்தம் புதியது. பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய ஒரு கண்ணாடிப் பால் புட்டி.

நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மார் இரண்டும் அப்போதே கனத்து, ரவிக்கை நனைய ஆரம்பித்திருந்தது. பெற்றவள் பாலோடு இருக்கும்போது புட்டிப் பால் யாருக்கு? வாசலில் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்புகிற பிள்ளைக்குப் பால் டப்பா எதற்கு?

சேலையை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு கேள்வி என்ன வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். என் சந்தேகம் எல்லாம் ஒரே ஆள் மேல் போய் நின்றது.

மறுநாள் வெயிலோடு வெயிலாகத் தோப்புக்குள் நடந்துபோனேன். என் வீட்டுக்காரர் மாங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று லாரிக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அக்கா பெட்டியில பால் டப்பா எதுக்குங்க வந்துச்சு?"

அவர் கையில் ஒட்டியிருந்த மாங்காய்ப் பாலைத் துண்டால் தேய்த்தார். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார்.

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அம்மா சொன்னாங்க."

"அத்தை என்னன்னு சொன்னாங்க?"

"போன பையனுக்கு நாலாவது மாசந்தான ஆச்சு? அந்த மாசம் தாண்டற வரைக்கும் கொழந்தை கொல்லங்கோட்டுலயே இருக்கட்டும்னு. வித்த ஊட்டுலயே வெச்சிருந்தா கண்டம் கண்டுபுடிச்சுரும்னு சொல்றாங்க."

"தாண்டுன பொறகு?"

"பொறகு பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா?"

அவர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அண்ணனுக்கும் ஆளில்லை புள்ள. அவிய ஊட்டுலயும் ஒரு சத்தம் கேக்கட்டுமே. நமக்கு இன்னொண்ணு பொறக்காமயா போயிரும்?"

"நான் குடுக்க மாட்டேனுங்க."

"விக்கறதுக்கு ஒத்துக்கிட்டயல்ல?"

"திருப்பிக் குடுக்கற மாதிரி விக்கறதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்."

அவர், டிரைவர் கூப்பிடுகிறார் என்று போய்விட்டார். டிரைவர் அப்போது லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்படியே ரயில் ஏறி அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். போயிருக்கலாம். அன்று இரண்டு பயம் என்னை இரண்டு பக்கமும் இழுத்தது. கொடுத்தால் பிள்ளை திரும்பி வராது. நாலு மாசம் அக்கா கையில் புட்டிப் பால் குடித்த குழந்தை அவரைப் பார்த்துத்தான் சிரிக்கும். கொடுக்காமல் பிடிவாதம் பிடித்து, மறுபடியும் அந்த நாலாவது மாசம் வந்து, மறுபடியும் ஒரு காய்ச்சல் வந்துவிட்டால்? அப்புறம் என் முகத்தில் நானே விழிக்க முடியாது. கொல்லங்கோட்டிலாவது உயிரோடு இருக்கட்டும் என்று ஒரு மனசு சொல்லும். உடனே இன்னொரு மனசு அதன் வாயில் அடிக்கும்.

லாரியில் வந்த நர்ஸ்

நிஜ வலி வந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொல்லங்கோட்டுக்கு ஆள் போகும், மூத்தார் காரோடு வந்து நிற்பார், எல்லாம் அவர்கள் திட்டப்படி நடக்கும். பிள்ளை என் வயிற்றில் இருக்கிற வரைக்கும்தான் என் பிள்ளை என்று ஆகிவிட்ட பிறகு, வலியைக்கூட அடக்கி வைக்கத் தோன்றியது.

காலைப் பலகாரம் ஆகி வெகுநேரமாகியிருந்தது. மாவாட்டும் கல்லின் குழவியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். அக்கா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவர், என் கையைப் பார்த்தார். குழவியைப் பிடித்த விரல்களெல்லாம் வெளுத்திருந்தன.

"இது சூட்டு வலியில்லை" என்றார். குடத்தை அப்படியே கீழே வைத்தார்.

பாரம் ஏற்றிக் கிளம்ப இருந்த மாங்காய் லாரியைத்தான் நர்ஸைக் கூட்டிவர அனுப்பினார்கள். டிரைவர் பக்கத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வந்து இறங்கினார். வெள்ளைச் சேலை முழுக்க வைக்கோல் ஒட்டியிருந்தது. "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று என்னிடம் சொன்னார். பயப்படாதே என்று எனக்குச் சொன்னாலும், அந்த லாரியில் வந்த பயம் அவர் முகத்திலேயே இருந்தது.

வலி நேரம் முழுக்க நான் ருக்மணி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. ஓரகத்திகளுக்குள் இத்தனை பாசமா என்று நர்ஸ்கூட வியந்தார். பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளை வெளியே வந்ததும் எனக்கு முன்னால் இந்தக் கை அதைத் தூக்கிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். வளையல் உடைந்து அவர் கையில் கீறி ரத்தம் வந்தது. அவரும் கையை உருவிக்கொள்ளவில்லை.

வெயில் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி. கண்ணைத் திறந்து, வந்த இடம் சரிதானா என்று கேட்பதுபோலப் பார்த்தாள். என் சந்தேகக் குணம் அவளுக்கும் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முறம்

தீட்டுக் கழித்து என்னைக் குளிக்க வைத்த அன்று காலையிலேயே மூத்தார் வாடகைக் காரில் வந்துவிட்டார். கார் வேலிக்கு வெளியே புளியமரத்து நிழலில் நின்றது. பக்கத்துத் தோப்புப் பெண்கள் நாலைந்து பேர் வந்து வாசலை ஒட்டிய ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இது வழக்கமான விளையாட்டு. வெற்றிலையை மடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் புது முறத்தில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார். நான் பால் கொடுத்து, தூங்க வைத்து, நெற்றியில் மை வைத்துத்தான் கொடுத்தேன். வாசற்படிக்கு அந்தப் பக்கம் ருக்மணி அக்கா நின்றார். சலித்த தவிட்டைப் படியில் தலைதட்டி அளந்து மாமியார் நீட்டிய கூடையில் கொட்டினார். முறத்தோடு குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"வித்தாச்சு" என்றார் மாமியார்.

"வாங்கியாச்சுங்க" என்றார் அக்கா.

மாமியார் அடுத்துச் செய்த காரியத்தை நான் மட்டும்தான் கவனித்தேன். தவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போய், மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தாழியில் மொத்தத்தையும் கொட்டி, கையை விட்டுக் கலக்கிவிட்டார். வாங்கின விலையை இனி யாரும் திருப்பிக் கேட்க முடியாதபடி கலக்கிவிட்டார்.

அக்கா வாசலில் நாலு எட்டு நடந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது எட்டும் வைத்தார். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. வேலிப் படலைத் தாண்டினார். ஆசாரத்துப் பெண்களின் சிரிப்புப் பேச்சு நின்றது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாத்தும் சத்தமும் கேட்டது.

என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மார் சுரந்து வலித்தது. அந்த வலியில்தான் முதல் முதலாக வாய்விட்டு அழுதேன், பிரசவத்தில்கூட அழாதவள்.

கார் கிளம்பும் சத்தம் வரவில்லை. கதவு மறுபடி திறந்தது.

ருக்மணி அக்கா ஓடி வந்தார். சேலை கால் தடுக்கத் தடுக்க, முறம் இல்லாமல், குழந்தையை வெறும் கையில் மார்போடு இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே மூத்தார், "ஏய், நில்லு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா வாசற்படி ஏறி, என் மடியில் குழந்தையைப் போட்டார்.

"அத்தை, என்ற தவுட்டக் குடுங்க" என்றார்.

மாமியார் திகைத்துப்போய், "என்ன புள்ள பேசற? நாலு மாசம் ஆகட்டும்னு பேசி வெச்சதென்ன, நீ பண்றதென்ன?" என்றார்.

"வாங்குனவ நான். திருப்பிக் குடுக்கறதும் நாந்தான். என்ற தவுட்டக் குடுங்க."

"தவுட்டுக்கு எங்க போறது? மாட்டுக்குக் கலக்கியாச்சு."

அக்கா விறுவிறுவென்று கட்டுத்தரைக்குப் போனார். தாழிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் படிந்திருந்த தவிட்டை ஒரு பிடி அள்ளினார். கழுநீர் சொட்டச் சொட்ட அதைத் தன் முந்தானையில் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும்படி ஆசாரத்து நடுவில் வந்து நின்றார்.

"வெலை வந்துருச்சு. அவ புள்ளை அவளுக்கு."

மூத்தார் வாசலிலேயே நின்றுவிட்டார். சாட்சிக்கு அத்தனை பேர் இருக்க, மாமியார் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கையில் மாவு

எல்லாரும் கலைந்த பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பால் டப்பாவ நீ பாக்கோணும்னுதான் உன்னையவே பெட்டியத் தொறக்கச் சொன்னேன்" என்றார். "என்னால வாய் தொறந்து சொல்ல முடியல அம்மிணி."

"நான் உங்களத்தானுங்க அக்கா சந்தேகப்பட்டேன்" என்றேன். சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை.

"சரியாத்தான் சந்தேகப்பட்ட" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நாலு எட்டுல திரும்பிரலாம்னுதான் போனேன். காலு திரும்பல. காருக்குள்ள ஏறி உக்காந்துட்டேன். மொறத்த ஓரமா வெச்சுட்டு மடியில போட்டதும், கண்ண முழிச்சு என்ற வெரலப் புடிச்சுக்கிட்டா. இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன். ஆரு வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். அதான் எறங்கி ஓடியாந்தேன்."

அன்று சாயந்திரமே அவர் மூத்தாரோடு கொல்லங்கோட்டுக்குப் போய்விட்டார். பால் டப்பாவை அடுப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் என் வீட்டுக்காரரோடு மறுபடி பேச ஆரம்பிக்க ஆடி மாசம் ஆயிற்று. அதுவும் நானாகப் பேசவில்லை, அவர் பேச வைத்தார். அந்தக் கதை தனி.

ஆடியில் அந்த நாலாவது மாசம் வந்தது. சொல்லியனுப்பாமலேயே ருக்மணி அக்கா தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். மாசம் முழுக்க இருந்தார். குழந்தை தும்மினால் எனக்கு முன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். வெந்நீர் வைப்பார், சாம்பிராணி போடுவார், துணி துவைத்துக் காயப்போடுவார். ஒரு காய்ச்சலும் வரவில்லை. அந்த மாசம் எங்களைக் கடந்து போயிற்று.

ஆனால் குழந்தையை மட்டும் அவர் தூக்கவில்லை. அந்த மாசமும் தூக்கவில்லை, அவள் தானாக நடந்து போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொள்கிற வரைக்கும் தூக்கவே இல்லை. நான் எத்தனையோ முறை நீட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "கையில மாவு இருக்குது அம்மிணி" என்பார்.

தேங்காயை நாலு முறை தட்டிப் பார்க்கிறவள் நான். அந்தக் கையை மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.